வேலை, குடும்பம் உள்ளவர்களுக்கு ஜானப் பயிற்சி: படிப்பு, ஏற்பாடு, செலவு, ஆவணங்கள்

ஜானம் என்று பௌத்தர்களின் பாலி நூல்கள் சொல்லும் நான்கு ஆழ்ந்த ஒருமுகத் தியான நிலைகளைப் பழக ஆசைப்படும் சம்சாரிக்கு முதலில் இரண்டு பதில்கள் கிடைக்கும். "அதெல்லாம் காவி கட்டியவர்களுக்கு" என்பது ஒன்று. "சனி ஞாயிறு வாருங்கள், காட்டித் தருகிறோம்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். எந்த வரிசையில் எதைச் செய்வது, எங்கே போவது, என்ன கடிதம் எழுதுவது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, வீட்டில் பழகி, பிறகு இலங்கையில் ஓர் ஆரண்யத்தில், அதாவது பிக்குகளின் காட்டு மடத்தில், சில வாரம் தங்கப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. படிப்பு: ஆறேழு சூத்திரங்கள் போதும்

சூத்திரங்கள் எனப்படும் புத்தர் கால உரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் சுத்தாசென்ட்ரல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிகாயம் என்பது சூத்திரத் தொகுப்பு; கீழே உள்ள எண்கள் அந்தத் தளத்தின் எண்கள்தான்.

முதலில் அங்குத்தர நிகாயம் 5.176. பிக்கு சங்கத்துக்கு உடை, உணவு, இருப்பிடம், மருந்து கொடுத்தோம் என்பதோடு நின்றுவிட வேண்டாம், அவ்வப்போது தனிமையில் பிறக்கும் பிரீதியில், அதாவது மகிழ்ச்சியில், தங்கவும் பழகுங்கள் என்று புத்தர் அனாதபிண்டிகரிடம் சொல்கிறார். அனாதபிண்டிகர் பெரிய வியாபாரி. அதைக் கேட்டபோது அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் இல்லறத்தார்தான்.

அடுத்தது சம்யுத்த நிகாயம் 41.8. "எண்ணமும் ஆராய்வும் இல்லாத சமாதி உண்டு என்று உன் ஆசான் சொல்வதை நம்புகிறாயா?" என்று நிகண்ட நாதபுத்தர் (சமணர்களின் மகாவீரர்) புத்தரின் சீடரான சித்தர் என்ற இல்லறத்தாரிடம் கேட்கிறார். "நம்பிக்கையால் அதை ஏற்கவில்லை" என்கிறார் சித்தர். பாருங்கள், எவ்வளவு நேர்மையானவன் என்று நாதபுத்தர் தன் கூட்டத்தைப் பார்த்துப் பூரிக்கிறார். அப்புறம்தான் சித்தர் விளக்குகிறார்: வேண்டும்போதெல்லாம் நான்கு ஜானங்களிலும் நுழைந்து தங்குகிறேன், தெரிந்த ஒன்றை எதற்காக இன்னொருவர் சொல்லி நம்ப வேண்டும்? நாதபுத்தரின் முகம் மாறிவிடுகிறது. பாலி நூல்களில் எனக்குப் பிடித்த குறும்பு இது.

அங்குத்தரம் 7.53இல் நந்தமாதா என்ற பெண் தன் வாழ்க்கையின் ஏழு வியப்புகளைப் புத்தரின் முதன்மைச் சீடர் சாரிபுத்தரிடம் அடுக்குகிறாள். ஒரே மகனை ராஜாவின் ஆட்கள் பிடித்துக் கொன்றபோதும் தன் மனம் குலையவில்லை என்பது அவற்றில் ஒன்று. நான்கு ஜானங்களிலும் தங்குகிறேன் என்பது இன்னொன்று.

பயிற்சியின் உள்ளடக்கத்துக்கு மூன்று: மஜ்ஜிம நிகாயம் 36இல் சிறுவயது சித்தார்த்தர் நாவல் மர நிழலில் முதல் ஜானத்தில் இருந்த நினைவு வரும் பகுதி, தீக நிகாயம் 2இல் நான்கு ஜானங்களின் உவமைகள், மஜ்ஜிமம் 118இல் மூச்சைக் கவனிக்கும் 16 படிகள்.

எதிர்ப்பக்கத்தையும் படித்துவிடுங்கள். மஜ்ஜிமம் 125இல் ஜயசேனன் என்ற இளவரசனுக்கு மன ஒருமை என்ற ஒன்று உண்டு என்பதையே ஏற்க முடியவில்லை. சுகபோகங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு அவற்றையே தேடிக்கொண்டிருப்பவன் இதை எப்படி அறிவான் என்கிறார் புத்தர். சித்தருக்கும் நந்தமாதாவுக்கும் முடிந்தது ஜயசேனனுக்கு ஏன் முடியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் சீலம், அதாவது ஒழுக்க விதிகள், எதற்கு என்று விளங்கும்.

இதற்கு மேல் இப்போது படிக்க வேண்டாம். புத்தகோசரின் விரிவான தியான நூலான விசுத்திமக்கம் பிறகு.

2. சீலம்: உட்காருவதற்கு முன் மூன்று மாதம்

ஐந்து சீலங்களை மூன்று மாதமாவது பிசகாமல் பிடியுங்கள். கொல்லாமை, திருடாமை, முறையற்ற உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மது அருந்தாமை. நம்மில் பலருக்கு இடறும் இடம் பொய். அலுவலகத்தில் "கிளம்பிவிட்டேன், வழியில் இருக்கிறேன்" என்பது மாதிரியானவை. இது ஒழுக்கப் பிரசங்கம் அல்ல, முழுக்க நடைமுறை விஷயம். கண்ணை மூடி உட்கார்ந்ததும் முதலில் மேலே வருவது அன்று சமாளித்த பொய்யும் அதை நாளை எப்படிக் காப்பாற்றுவது என்ற கணக்கும்தான். முதல் ஜானத்தின் வரையறையே காமங்களிலிருந்தும் தீய மனநிலைகளிலிருந்தும் விலகியிருப்பதில்தான் தொடங்குகிறது.

பிறகு பௌர்ணமி தோறும் எட்டு சீலம். அன்று முழு பிரம்மசரியம், நண்பகலுக்குப் பின் உணவு இல்லை, பாட்டு, சினிமா, அலங்காரம், வாசனைத் திரவியம் இல்லை, சொகுசுப் படுக்கையும் இல்லை. ஆரண்யத்தில் தினமும் இப்படித்தான் இருக்கப் போகிறீர்கள். மதியத்துக்குப் பின் சாப்பிடாமல் இருப்பது பலருக்கு முதல் வாரத்திலேயே தலைவலியாகவும் எரிச்சலாகவும் வெளிப்படும். அதை வீட்டிலேயே சந்தித்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. உடல்நலக் காரணத்தை முன்பே தெரிவித்து, மாலையில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரண்யத்தாரிடமும் கேட்டுவிடுங்கள்.

3. வீட்டில் தினசரிப் பழக்கம்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். விடியற்காலை 45 நிமிடம், இரவு 30 நிமிடம் என்று தொடங்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் விடியற்காலையை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. சம்மணமிட முடியாவிட்டால் நாற்காலி. முழங்கால் வலியோடு போராடுவதற்குப் பெயர் சமாதி அல்ல.

16 படிகளில் முதல் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நீண்ட மூச்சு நீண்டதென்று தெரிவது, குறுகிய மூச்சு குறுகியதென்று தெரிவது, முழு உடலையும் உணர்ந்து மூச்சு விடுவது, உடலின் இயக்கம் அடங்கும்படி மூச்சு விடுவது. மூன்றாவது படியில் வரும் உடல் இந்த முழு உடம்பா, மூச்சின் முழு நீளமா என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறு மாதம் போய்விடும்.

நடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடியில் இருபது முப்பது அடி நீளத்துக்கு இடம் இருந்தால் போதும். நடையில் பெற்ற ஒருமை நெடுநேரம் நிற்கும் என்று அங்குத்தரம் 5.29 சொல்கிறது. சாப்பாடு செரிக்கும் என்றும் அதே பட்டியலில் இருக்கிறது.

4. முதலில் பத்து நாள் முகாம்

ஒரு பத்து நாளாவது மௌனமாக இருந்து பார்க்காமல் ஆரண்யத்துக்குப் போக வேண்டாம். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் கோயங்கா மரபின் பத்து நாள் விபஸ்ஸனா முகாம்கள் நடக்கின்றன. பதிவு இணையத்தில். தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ளக் கட்டணம் கிடையாது; முகாமை முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். அங்கே ஜானம் கற்பிப்பதில்லை. முதல் சில நாள் மூச்சு, அதன்பின் உடல் உணர்வுகள். இருந்தாலும் பத்து நாள் பேசாமல், போன் இல்லாமல், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் உங்கள் முதுகும் மனமும் என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். "அங்கே வேறு முறை செய்து பார்க்கிறேன்" என்று மட்டும் போகாதீர்கள். அங்கே இருக்கும்வரை அவர்கள் சொல்வதை மட்டும் செய்வதுதான் மரியாதை.

விண்ணப்பத்தில் மனநலம் பற்றிய கேள்விகள் இருக்கும். மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு என எதற்காவது சிகிச்சை எடுத்திருந்தால் மறைக்காதீர்கள். தூக்கம் குறைவாக, தனிமையில், நீண்ட நேரம் அமர்வது இவற்றைக் கிளறிவிடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

5. எந்த ஆரண்யம்

இரண்டு வகை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். விசுத்திமக்கத்தின் வழியில் போகிறவர்கள் கறாரானவர்கள். மூச்சில் நிமித்தம் எனப்படும் ஒளிக்குறி தோன்றி, அது நிலைத்து, அதில் மனம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால்தான் ஜானம் என்பார்கள். சூத்திரங்களை மட்டும் பிடித்துக்கொள்பவர்களில் சிலர் உடலெங்கும் பரவும் பிரீதியையும் சுகத்தையும் முதல் ஜானத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒருவரிடம் கற்றுக்கொண்டு இன்னொருவரிடம் சான்றிதழ் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

குருணாகல் மாவட்டத்தில் மெல்சிரிபுரவுக்கு அருகே பன்சியகமவில் இருக்கும் நா உயன ஆரண்யம் முதல் வகை. மியான்மர் பிக்குவான பா அவுக் சயாடோவின் முறையைப் பின்பற்றும் இடம். கண்டிக்கு அருகே மலைமேல் இருக்கும் நிலம்பே தியான நிலையம் இல்லறத்தாருக்காகவே நடப்பது, நெகிழ்வானது. முதல்முறை இலங்கை போகிறவர் நிலம்பேயில் ஒரு வாரம் இருந்துவிட்டு ஆரண்யத்துக்குப் போவது நல்ல ஏற்பாடு.

6. கடிதமும் ஆவணங்களும்

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்பு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்க்கும் பிக்குகள் குறைவு. ஒரு இடத்திலிருந்து எனக்குப் பதிலே வரவில்லை. மூன்று வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அவ்வளவுதான்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெயர், வயது, ஆணா பெண்ணா (தங்குமிடங்கள் தனித்தனி), நாடு, இதுவரை செய்த பயிற்சி, எந்த முறையில், எத்தனை நாள் தங்க விருப்பம், உடல் மனநலக் குறிப்புகள், அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண். "எனக்கு இரண்டாம் ஜானம் வருகிறது" என்று எழுத வேண்டாம். என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பதானால் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலே 2,000. இலங்கைக்கு இணைய வழிப் பயண அனுமதி, அதாவது ஈடிஏ, வாங்க வேண்டும். சுற்றுலா அனுமதி வழக்கமாக 30 நாள். இந்தியர்களுக்கான கட்டணம் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அரசுத் தளத்திலேயே பாருங்கள். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து மூன்று மடங்கு பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி ஜிஓவி டாட் எல்கே என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 30 நாளுக்கு மேல் என்றால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்திடம் நீட்டிப்புக் கேட்க வேண்டும். பல மாதம் தங்கும் எண்ணம் இருந்தால் ஆரண்யத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பேச்சே எடுபடாது, அதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கையில் எடுத்துப்போக: ஆரண்யத்தின் சம்மத மின்னஞ்சல் அச்சில், திரும்பும் டிக்கெட், பாஸ்போர்ட் நகல் இரண்டு, மாத்திரைகளுக்கு மருந்துச் சீட்டு.

7. பத்துத் தடைகளை வைத்து ஒரு வீட்டுச் சோதனை

விசுத்திமக்கம் தியானத்துக்கு முன் அறுக்க வேண்டிய பத்து இடையூறுகளைச் சொல்கிறது: இருப்பிடம், குடும்பம், வருவாய், கூட்டம், கட்டட வேலை, பயணம், உறவினர், நோய், நூல், சித்திகள். பிக்குகளுக்காக எழுதியது. ஆனால் விடுப்பு எடுக்கப்போகும் சம்சாரிக்கு இதைவிட நல்ல சோதனைப் பட்டியல் நான் பார்த்ததில்லை.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? முடித்துவிட்டுப் போங்கள். கான்கிரீட் போடும் தேதி மனத்தில் இருக்கும்வரை மூச்சு கிடைக்காது. கடன் தவணை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் எல்லாம் நீங்கள் இல்லாத நாட்களில் தானாகப் போகும்படி செய்யுங்கள். வயதான பெற்றோர் இருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது மூன்றாம் நாள் இரவு வந்து எழுப்பும். மனைவியோ கணவரோ மனதாரச் சம்மதித்திருக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய ஆட்களை அங்கே பார்த்தேன், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். புத்தகங்களையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நூலும் பட்டியலில் இருக்கிறது. பத்தாவதான சித்திகள் நமக்கு இப்போதைக்குப் பிரச்சினை இல்லை.

காலத்தையும் பாருங்கள். ஏப்ரல் நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு நாட்களில் பஸ்கள் குறைந்துவிடும். மே மாத வெசாக் பண்டிகையை ஒட்டியும், பிக்குகள் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால வஸ் முடிந்து அவர்களுக்கு அங்கி தானம் செய்யும் 'கடின' பூஜை நடக்கும் வாரங்களிலும் ஆரண்யங்களில் பக்தர் கூட்டம். பௌர்ணமியான போயா தினம் பொது விடுமுறை. அன்று போய்ச் சேராதீர்கள்.

8. செலவு

தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆரண்யத்தில் கட்டணம் இல்லை, எல்லாம் தானத்தில் நடக்கிறது. நிலம்பேயில் நாளுக்கு ஒரு சிறு தொகை. ஆகவே உங்கள் செலவு பெரும்பாலும் விமானம், அனுமதி, உள்ளூர்ப் பயணம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து குருணாகல் போய், அங்கே தம்புள்ளை பஸ்ஸில் ஏறினால் மெல்சிரிபுரவில் இறங்கலாம். கடைசித் தூரத்துக்கு ஆட்டோ. ஏறும் முன் வாடகை பேசிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் போய்ச் சேரும்படி விமானம் எடுங்கள்.

தானம் தர விரும்பினால் பிக்குவின் கையில் பணத்தை நீட்டக் கூடாது. விநயம் எனப்படும் பிக்கு விதிகளின்படி அவர்கள் பணத்தைத் தொடுவதில்லை. அலுவலகத்திலோ அதற்கென இருக்கும் இல்லறத்தாரிடமோ கொடுங்கள்.

வாங்க வேண்டியவை: வெள்ளைப் பருத்தி உடை மூன்று ஜோடி (மெல்லிய துணி வேண்டாம், மழையில் நனைந்தால் சங்கடம்), டார்ச், குடை, கொசுவலை, அலாரம் கடிகாரம், வாசனை இல்லாத சோப்பு. அட்டைக்கும் கொசுவுக்கும் தடவ ஏதாவது. இரவில் டார்ச் இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள், பாம்புகள் உள்ள காடு.

9. உள்ளே போன பிறகு

பிக்குகளை "பந்தே" என்று அழைக்கலாம். காலை உணவு, பதினொரு மணி வாக்கில் மதிய உணவு, அதன்பின் மாலையில் கிலன்பச எனப்படும் பானம் மட்டும். ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். எத்தனை நேரம் அமர்ந்தீர்கள், மூச்சு எப்படி இருந்தது, என்ன தோன்றியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வாழ்க்கைக் கதை வேண்டாம்.

"பந்தே, உங்களுக்கு ஜானம் உண்டா?" என்று கேட்காதீர்கள். தனக்கு உண்மையிலேயே கிட்டிய மேல்நிலையைக்கூடத் துறவு பெறாதவரிடம் சொல்வது பிக்குவுக்கு விதிமீறல். இல்லாததைத் தெரிந்தே உண்டென்று சொன்னால் சங்கத்தில் இடமே போய்விடும். விளம்பரத்தில் தன் ஜானக் கணக்கைப் போடும் ஆசிரியர்களை எப்படி எடைபோடுவது என்பதற்கும் இது உதவும்.

அமர்வில் வரப்போவது முதலில் ஐந்து தடைகள்: ஆசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், அலைச்சலும் உறுத்தலும், சந்தேகம். முதல் மூன்று நாள் தூக்கம் கொட்டும். அது பல வருட அலுவலகக் களைப்பு, தூங்கித் தீருங்கள். பிறகு உடல் லேசாவது, கண்ணுக்குள் வெளிச்சம், உடம்பெங்கும் சிலிர்ப்பு என்று ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று. பலர் தவறும் இடம் இதுதான். வெளிச்சம் வந்ததும் மூச்சை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் துரத்துவார்கள், அது போய்விடும், மறுநாள் முழுக்க அதையே தேடுவார்கள். பயிற்சிபெறும் மாணவருக்கு ஆசிரியர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: மூச்சோடு இரு.

தீக நிகாயத்தின் உவமை இங்கே கைகொடுக்கும். குளிப்பாட்டுகிறவன் தட்டில் ஸ்நானப் பொடியைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்துப் பிசைகிறான். உருண்டை உள்ளும் புறமும் நனைந்திருக்கிறது, ஆனால் ஒழுகவில்லை. பிரீதியும் சுகமும் உடலில் இப்படிப் பரவ வேண்டும் என்கிறது சூத்திரம். அவசரப்பட்டு ஊற்றினால் ஒழுகிவிடும்.

முதல் தடவையில் ஜானம் கிட்டாமல் திரும்புவதே வழக்கம். மூன்று வாரத்தில் தடைகள் அடங்கி, ஒரு மணி நேரம் மூச்சோடு இருக்க முடிந்தால் போன காரியம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. திரும்பியதும்

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போகும்படி விடுப்பு போடுங்கள். சத்தமும் வாசனையும் முதல் நாளில் தாங்காது. விமான நிலையத்திலேயே போனைத் திறந்து 600 செய்திகளையும் படிக்காதீர்கள். ஆரண்யத்தில் நான்கு மணி நேரம் அமர்ந்தவர் வீட்டில் அதையே செய்ய முயன்று பத்தாம் நாள் மொத்தமாக விட்டுவிடுவது வழக்கம். பழைய 45 நிமிடத்துக்கே திரும்புங்கள், பௌர்ணமியன்று மட்டும் கூட்டுங்கள். வீட்டாரிடம் அனுபவங்களை விவரிக்கத் தொடங்கினால் அவர்கள் பயப்படுவார்கள் அல்லது சிரிப்பார்கள், இரண்டுமே நியாயம்தான்.

கடைசிச் சந்திப்பில் ஆசிரியர் சொன்னதை அன்றே தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது கடிதத்தில் அந்தக் குறிப்பையும் ஆசிரியரின் பெயரையும் சேர்த்தால், ஆரம்பப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.